மரித்தவரைப் பற்றி உண்மை பேசலாமா?



ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், அடக்கம் முடிந்த அன்றிலிருந்து பதினாறாம் நாள் அடியந்திரம் வரையில் அந்த வீட்டில் இரண்டு விதமான பேச்சு நடப்பதுண்டு. முன்புறத்துத் திண்ணையில் ஒரு பேச்சு. “அவரைப் போல உண்டா? இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தார், எத்தனை ஊர் பார்த்தார், எத்தனை பாஷை பேசினார், பிள்ளைகளை எப்படி வளர்த்தார்!” என்று வந்தவர்கள் சொல்லச் சொல்ல வீட்டார் கண்ணீர் வடிப்பார்கள். அதே நேரத்தில் பின்புறத்து அடுக்களைப் பக்கம் வேறொரு பேச்சு. “தம்பியின் பங்கு நிலத்தில் எல்லைக் கல்லை நகர்த்திப் போட்டவர் யார்? அந்த அம்மாள் அவரிடம் பட்ட பாடு யாருக்குத் தெரியும்?” என்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். முன்புறத்துப் பேச்சைக் கேட்டால் மரித்தவர் நேரே மோட்சத்துக்குப் போய்விட்டார் என்று தோன்றும். பின்புறத்துப் பேச்சைக் கேட்டால் அவருக்கு மோட்சத்தில் இடமே இல்லை என்று தோன்றும். அவரோ பெட்டிக்குள் படுத்திருக்கிறார். இரண்டுக்கும் அவரால் பதில் சொல்ல முடியாது.

மரித்தோரைப் பற்றி நல்லதைத் தவிர வேறொன்றும் பேசலாகாது என்று இலத்தீன் மொழியில் ஒரு பழைய வசனம் உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பு கிரேக்க தேசத்தில் வாழ்ந்த கீலோன் என்னும் ஞானி சொன்னதாக அதைக் கூறுவார்கள். கேட்பதற்கு அது நல்ல புத்திமதி. ஆனால் கிறிஸ்தவனுக்கு அது போதுமா? பொய்ச்சாட்சி சொல்லாதே என்று கட்டளையிட்ட சர்வேசுரன், கல்லறை வாசலில் மட்டும் சொல்லலாம் என்று விலக்குக் கொடுத்தாரா? அப்படியானால், உண்மை என்ற பெயரில் அடுக்களைப் பக்கத்துப் பேச்சை முன்புறத்துக்குக் கொண்டு வரலாமா? மரித்தவருக்கு நாம் கொடுக்கவேண்டிய கடன் என்ன? இந்த வாரம் இதைக் குறித்துச் சற்று ஆலோசிப்போம்.

நம் பங்கில் சமீபத்தில் மரித்த எவரையும் உதாரணமாகக் காட்டினால் ஏதாவதொரு வீட்டில் மனம் நோகும். ஆகையால் ஏறக்குறைய 250 வருஷங்களுக்கு முன் மரித்த ஒருவரைப் பார்ப்போம். அவரும் பட்டாளத்துக்காரர்; கடல் கடந்து பல தேசம் கண்டவர்; மனைவி மக்களோடு வாழ்ந்த குடும்பஸ்தர்; நம்மைப் போல் கத்தோலிக்கர். அவருடைய கல்லறை நமக்குத் தூரத்திலும் இல்லை. சிதறாலிலிருந்து மார்த்தாண்டம் போய், அங்கிருந்து நாகர்கோவில் சாலையில் தக்கலையைத் தாண்டினால் புலியூர்க்குறிச்சி. சாலையோரத்திலேயே உதயகிரிக் கோட்டை. அதன் உள்ளே, கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கும் பழைய கோயிலில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். யுஸ்தாக்கியுஸ் பெனெடிக்டுஸ் டிலனாய் என்பது அவர் பெயர். நம் முன்னோர் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள். கோட்டையை ‘டிலனாய் கோட்டை’ என்றார்கள்.

ஐரோப்பாவில், இன்றைய பிரான்சு தேசத்தின் வடக்கே உள்ள ஆராஸ் பட்டணத்தில் பிறந்தவர் அவர். ஒல்லாந்துக் கம்பெனியின் படையில் சேர்ந்து கப்பலேறினார். மிளகு வியாபாரத்தை யார் கையில் வைத்திருப்பது என்று அந்தக் கம்பெனிக்கும் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவுக்கும் சண்டை மூண்டபோது, இலங்கையிலிருந்து வந்த ஒல்லாந்துப் படை குளச்சலில் இறங்கியது. 1741-ம் வருஷம் அந்தப் படை தோற்றுச் சரணடைந்தது. பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருவர். அந்த வெற்றியின் நினைவாகக் குளச்சலில் கல்தூண் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சிறைப்பட்டவரை அரசர் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சி கொடுக்கும்படி அமர்த்திக்கொண்டார். அவரும் ஒப்புக்கொண்டார். துப்பாக்கி, பீரங்கி, அணிவகுப்பு, கோட்டை கட்டுதல் என்று மேனாட்டுப் போர்முறை முழுவதையும் திருவிதாங்கூர் வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பழைய உதயகிரிக் கோட்டையை அவருடைய மேற்பார்வையில் கல்லால் புதுப்பித்தார்கள். அதற்குள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறையும் அமைந்தது. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உள்ள வட்டக்கோட்டையும், வடக்கே கொச்சி எல்லையில் எழுந்த நெடுங்கோட்டையும் அவர் பெயரோடு சேர்ந்தவைதாம். இத்தனைக்கும் மத்தியில் அவர் மணம் செய்து குடும்பம் நடத்தினார். மனைவி பெயர் மார்கரிதா. மகன் அருளப்பன், அவர்கள் வழக்கப்படி யோவான்னெஸ். அவனும் தகப்பனைப் போலவே வாளேந்தினான். 1765-ல் மலைக்கு அப்பால் களக்காட்டில் நடந்த போரில், இருபதை ஒட்டிய வயதில் அவன் உயிர் போயிற்று. தகப்பன் மகனை அடக்கம் செய்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1777-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ம் தேதி தாமும் மரித்தார். தகப்பன், தாய், மகன் மூவரும் அந்தக் கோயிலிலேயே அடங்கியிருக்கிறார்கள். பிறந்த ஊருக்கு டிலனாய் திரும்பிப் போகவில்லை.

அவருடைய கல்லறைக் கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. வழிப்போக்கனை நிற்கச் சொல்லி அது ஆரம்பிக்கிறது. திருவிதாங்கூர் படையின் தலைவர் இங்கே கிடக்கிறார் என்றும், ஏறக்குறைய 37 வருஷம் பிரமாணிக்கமாய் அரசருக்கு ஊழியம் செய்தார் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரையிலுள்ள நாடுகளை ஆயுத பலத்தாலும் பயத்தாலும் அரசருக்குக் கீழ்ப்படுத்தினார் என்றும் சொல்லுகிறது. 62 வருஷமும் 5 மாதமும் வாழ்ந்தார் என்று கணக்குச் சொல்லி, சமாதானத்தில் இளைப்பாறும்படி வேண்டி முடிகிறது.

பங்கு மக்களே, அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். ‘ஆயுத பலத்தாலும் பயத்தாலும்.’ அதைக் கல்லில் பொறித்தவர்கள் புகழ்ச்சியாகவே பொறித்தார்கள். ஆனால் காயங்குளத்தில் அன்று வீடிழந்த ஒரு தாய் அந்தக் கல்லுக்கு முன் நின்று வாசித்தால் அதைப் புகழ்ச்சி என்பாளா? ஒரே வரி, எழுதினவனுக்கு மாலை, வாசிக்கிறவளுக்கு முள்.

கல்லில் எழுதுவது என்றால் நம் ஊரார்க்குப் புதிது அல்ல. நம் சிதறால் மலைமேல் சமண முனிவர்கள் தங்கியிருந்த குகையும், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. அங்கே வட்டெழுத்தில் உள்ள 9-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, குரத்தியார் எனப்பட்ட பெண் துறவி ஒருவர் பொன் அணிகளைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லுகிறது. அந்தக் காலத்து ஆய் அரசர்களின் வெற்றிகளும் தோல்விகளும் இன்று நம்மில் யாருக்கு ஞாபகம்? ஒரு பெண் கொடுத்த காணிக்கையை அந்தப் பாறை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. ஒருவனை எதற்காக நினைக்க வேண்டும் என்பதில், கல் வெட்டுகிறவனும் ஒரு தீர்ப்புச் சொல்லுகிறான்.

டிலனாய் விஷயத்தில் அவர் கல்லறைக்கல் தீர்ப்புச் சொல்லிவிட்டது: வெற்றி, பிரமாணிக்கம், பயம். ஆனால் இந்தக் கல் சொல்லாத ஒரு காரியத்துக்காகத்தான் இன்று உலகமெங்கும் கத்தோலிக்கர் அவர் பெயரை உச்சரிக்கிறார்கள். அது யாதென்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், அரண்மனை உத்தியோகஸ்தராய் இருந்தபோது டிலனாயோடு பழகினார். குடும்பத்தில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்து மனமுடைந்து நின்ற சமயம். அப்போது டிலனாய் அவருக்கு யோபு என்னும் நீதிமானுடைய சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். பரிசுத்த வேதாகமத்தில் யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வாசிக்கிறோம். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாய் திறந்தபோதோ, நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் துன்பம் என்று குற்றம் சாட்டினார்கள். டிலனாய் அவர்களைப் போல் பேசவில்லை. நாட்டை இழந்து, சிறைப்பட்டு, அந்நிய அரசன் தயவில் வாழ்ந்த மனிதர் அவர். நஷ்டம் இன்னதென்று அறிந்தவர் நஷ்டப்பட்டவருக்குச் சொன்ன ஆறுதல் அது. அந்த ஆறுதல் வேரூன்றி வளர்ந்தது. 1745-ம் வருஷம் மே மாதம் 14-ம் தேதி வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவானவர் புத்தாரி சுவாமியார் கையால் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று அழைக்கப்பட்டார்.

1749-ல் தேவசகாயம் கைதுசெய்யப்பட்டார். மூன்று வருஷத்துச் சிறை, அடி, அவமானம். 1752-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவரை அடக்கம் செய்தார்கள். 2012-ம் வருஷம் டிசம்பர் 2-ம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுக்கப்பட்டது; 2022-ம் வருஷம் மே மாதம் 15-ம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார். கோட்டையும் பீரங்கியும் கொண்டு வென்ற நாடுகள் கைமாறிப் போய்விட்டன. கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் இருந்த எல்லையே இன்று இல்லை. ஒரு துக்கப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சு மாத்திரம் 280 வருஷம் ஆகியும் பலன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது திண்ணைப் பேச்சாகிவிடும். முழு உண்மையையும் பார்ப்போம்.

தேவசகாயத்தைக் கைதுசெய்ததும் கொன்றதும் எந்த அரசருடைய ஆட்சியில்? டிலனாய் பிரமாணிக்கமாய் ஊழியம் செய்த அதே மார்த்தாண்டவர்மாவின் ஆட்சியில். உதயகிரிக் கோட்டை இருக்கும் அதே புலியூர்க்குறிச்சியில்தான் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. வீதி வீதியாய்க் கொண்டுபோகப்பட்ட தேவசகாயம் தாகத்தால் தவித்து, பாறையில் முட்டால் இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது அங்குள்ள பாரம்பரியம். கோட்டைச் சுவருக்கு எட்டின தூரத்தில் சிநேகிதனுக்குத் தாகம். சிநேகிதன் சுடப்பட்ட பிறகும் டிலனாய் அரசரை விட்டுப் போகவில்லை. 1758-ல் மார்த்தாண்டவர்மா காலமான பின், அடுத்த அரசருக்கும் சாகும் வரையில் சேவித்தார். கல்லறைக் கல் கணக்கிடும் 37 வருஷத்தில் 25 வருஷம், தேவசகாயம் இரத்தம் சிந்தின பிறகு வந்த வருஷங்கள்.

இதைக் கேட்டு ஒருவர், “சிநேகிதனைக் கொன்றவரிடமே சம்பளம் வாங்கினாரே” என்று சொல்லலாம். இன்னொருவர், “அவர் கைதியாய் வந்தவர், எங்கே போவார்? மனைவி பிள்ளை இருந்தார்கள். அவர் போயிருந்தால் கோட்டைக்குள் இருந்த கிறிஸ்தவர்களுக்கு ஆதரவு யார்?” என்று சொல்லலாம். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. பிரமாணிக்கம் ஒரு புண்ணியம் என்பது திண்ணம். ஆனால் அந்தப் புண்ணியம் யாருக்கு, எதுவரையில் என்ற கேள்வி பட்டாளத்தில் இருந்த ஒவ்வொரு மனிதன் உள்ளத்திலும், உத்தியோகத்தில் இருக்கும் ஒவ்வொரு தகப்பன் உள்ளத்திலும் என்றாவது ஒருநாள் எழும்பாமல் இராது. குடும்பத்துக்குச் சோறு போடுகிற கை தவறு செய்யும்போது, அந்தக் கையை உதறுவதா, பிடித்துக்கொண்டு உள்ளே அழுவதா? டிலனாய் உதறவில்லை. அவர் உள்ளே என்ன பாடு பட்டார் என்பதைச் சர்வேசுரன் ஒருவரே அறிவார்.

போர்த்தொழிலைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். போர்ச்சேவகனாய் இருப்பதே பாவம் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. ஸ்நாபக அருளப்பரிடம் வந்த சேவகர்களை அவர் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருவரையும் துன்புறுத்திப் பறிக்காதீர்கள், உங்கள் சம்பளம் போதுமென்றிருங்கள் என்றே சொன்னார். நமதாண்டவர் நூற்றுவர் தலைவனுடைய விசுவாசத்தை இஸ்ராயேலில் காணாத விசுவாசம் என்று மெச்சினார். ஆனால் மெச்சியது அவனுடைய விசுவாசத்தை. அவன் வாளை அல்ல. ஆகையால் டிலனாய் போர்வீரர் என்பதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. பயமுறுத்தி நாடு பிடித்தார் என்பதைப் புண்ணியமாக நினைத்துக் கொண்டாட வேண்டியதும் இல்லை.

அப்படியானால் அவரை எப்படி நினைப்பது? இதற்கு அர்ச். அகுஸ்தீன் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்.

அவருடைய தாயார் அர்ச். மோனிக்கம்மாள். மகனுக்காக வருஷக்கணக்காய்க் கண்ணீர் விட்டு, ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து இத்தாலி வரையில் பின்தொடர்ந்து வந்தவர். 387-ம் வருஷம், ஊருக்குத் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்று மரித்தார். தம் சரீரத்தை எங்கே வேண்டுமானாலும் புதைக்கட்டும், சொந்த ஊருக்குக் கொண்டுபோகக் கவலைப்பட வேண்டாம், ஆண்டவருடைய பீடத்தண்டையில் மாத்திரம் தம்மை நினைக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். அகுஸ்தீன் பிற்காலத்தில் தாம் எழுதிய பாவசங்கீர்த்தன நூலில் தாயாருடைய புண்ணியங்களை உருக்கமாய் விவரிக்கிறார். அதே இடத்தில், தாயார் சிறுமியாய் இருந்தபோது திராட்சரசத்தை ஒளித்துக் குடிக்கும் பழக்கத்தில் விழுந்ததையும், வேலைக்காரி ஒருத்தி கேலி செய்யவே வெட்கப்பட்டு அதை விட்டதையும் மறைக்காமல் எழுதுகிறார். பிறகு, தாயாருடைய நற்கிரியைகளைச் சற்றே ஒருபுறம் வைத்துவிட்டு, அவருடைய பாவங்களுக்காக இப்போது மன்றாடுகிறேன் என்ற கருத்துப்பட ஆண்டவரிடம் பேசுகிறார். தன் தாயைவிட நல்லவள் இல்லை என்று அறிந்த மகன், தன் தாய்க்குப் பாவமே இல்லை என்று சொல்லவில்லை.

ஏன் அப்படிச் செய்தார்? நாம் கவனிக்கவேண்டிய முக்கியமான சத்தியம் இதில் அடங்கியிருக்கிறது. ஒருவருக்குக் குறையே இல்லை என்றால் அவருக்கு நம் செபம் எதற்கு? மரித்த ஆத்துமாவைப் பூரண பரிசுத்தவான் என்று பதினாறு நாளும் புகழ்ந்துவிட்டு, பதினேழாம் நாள் அவருக்காகச் செபிக்க மறந்துபோகிறோம். புகழ்ந்ததோடு கடன் தீர்ந்ததாக நினைக்கிறோம். உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து அந்த ஆத்துமா நம் பூசைக்கும் செபமாலைக்கும் கைநீட்டிக் காத்திருக்க, நாமோ போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கேற்றிவிட்டுப் போய்விடுகிறோம். பொய்ப் புகழ்ச்சி மரித்தவருக்குச் சேரவேண்டிய செபத்தைத் திருடுகிறது. அடுக்களைப் பேச்சும் அதே திருட்டைச் செய்கிறது. ஏனென்றால் தீர்ப்புச் சொல்லி முடித்தவனுக்குச் செபிக்க மனம் வராது. செபிக்கிறவன் ஒருவனே, இவர் எனக்குப் பிரியமானவர் என்பதையும் இவருக்கு இரக்கம் தேவை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லுகிறான். டிலனாய் கல்லறையின் கடைசி வார்த்தைகள் அந்தக் கல்லில் எழுதிய எல்லாவற்றிலும் மேலானவை என்பது அதனால்தான். வெற்றியைச் சொன்ன கல்லே முடிவில் இளைப்பாற்றி கேட்டு நிற்கிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். தாவீது அரசர், தம்மைக் கொல்லத் தேடின சவுல் மரித்தபோது, அவன் குற்றம் ஒன்றையும் சொல்லாமல் புலம்பி அழுதாரே. அது திண்ணைப் பேச்சா? அல்ல. துக்கத்தின் நாளுக்கு அதற்குரிய மௌனம் உண்டு. பெட்டியைச் சுற்றி நின்று கணக்குப் பார்க்கிறவன் மனிதத் தன்மை இல்லாதவன். ஆனால் தாவீதின் புலம்பலை எழுதிவைத்த அதே வேதாகமம், சவுலின் கீழ்ப்படியாமையையும் எழுதிவைத்தது. பின்னால் தாவீது செய்த மகா பாவத்தையும் மறைக்காமல் எழுதிவைத்தது. அழுகிற நாளில் அன்பு மௌனமாய் இருக்கும். பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லும் நாளில் அன்பு உண்மையாய் இருக்கும்.

உண்மை பேசுவதிலும் ஒழுங்கு உண்டு. மரித்தவருடைய மறைவான பாவம், அவருக்கும் ஆண்டவருக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் மாத்திரம் தெரிந்தது, அப்படியே மறைந்திருக்கட்டும். தக்க காரணமின்றி அதை வெளிப்படுத்துவது, உள்ளதைச் சொன்னாலும்கூட, பாவந்தான். மரித்தவருக்கும் நற்பெயர் என்னும் உரிமை உண்டு. இல்லாத குற்றத்தைக் கட்டிச் சொல்வது அதைவிடப் பெரிய பாவம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஊரறியச் செய்தது, பிறருக்கு நஷ்டம் உண்டாக்கியது ஒன்று இருந்தால், அதை இல்லை என்று சாதிக்கப் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை; ஏனென்றால் அதில் இன்னொருவருடைய நியாயம் அடங்கியிருக்கிறது. காயங்குளத்துத் தாயின் கண்ணீரை நாம் மறுக்க முடியாதது போல, பக்கத்து நிலத்துச் சித்தப்பாவின் வயிற்றெரிச்சலையும் மறுக்க முடியாது.

நம் பங்குக்கு இது மிகவும் அவசரமான காரியம். இந்த மாவட்டத்தில் பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பாத ஊர் ஏது? பாதி ஆயுசைத் தூரதேசத்தில் கழித்த தகப்பன்மாரைப் பிள்ளைகள் கடிதத்திலும் போனிலும் வருஷத்துக்கு ஒரு மாத லீவிலும்தான் அறிந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் மரிக்கும்போது பிள்ளைகளுக்கு அவரை நினைப்பதே கஷ்டமாகிறது. ஒரு மகன், அவர் அனுப்பிய பணத்தையும் கட்டிய வீட்டையும் எண்ணி அவரைத் தெய்வமாக்குகிறான். இன்னொரு மகன், எங்களுக்குத் தேவைப்பட்டபோது அவர் இல்லை என்று கசப்போடு இருக்கிறான். ஒரே தகப்பனுக்கு இரண்டு கல்லறை எழுத்து. அந்த வீட்டில் சகோதரரே ஒருவரோடொருவர் பேசாமல் போவதுண்டு. இருவரும் உட்கார்ந்து, அவர் நமக்காகப் பாடுபட்டார், அது உண்மை. அவர் இல்லாமல் நம் அம்மா தனியே தவித்தாள், அதுவும் உண்மை என்று இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால், அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தகப்பன் மெய்யாகவே கிடைக்கிறார்.

ஆகையால் மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டில் மரித்தவர் ஒருவரைக் குறித்து, இந்த ஞாயிற்றுக்கிழமை மாலைச் செபத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். அவர் எத்தனை ஊர் பார்த்தார், எத்தனை பதக்கம் வாங்கினார் என்பது இருக்கட்டும். அவர் யார் துக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார், யாருக்கு என்ன ஆறுதல் சொன்னார் என்று தேடிச் சொல்லுங்கள். டிலனாயின் கல்லறைக் கல்லே சொல்ல மறந்ததுபோல், உங்கள் வீட்டாரும் மறந்த நன்மை ஒன்று எங்காவது இருக்கும்.

இரண்டாவது, மரித்தவர் பேரில் தீராத கடன் ஏதாவது இருந்தால் அதைத் தீருங்கள். கூலிக்காரனுக்குக் கொடாமல் விட்ட கூலியாக இருக்கலாம். நகர்த்திய எல்லைக் கல்லாக இருக்கலாம். பேசாமல் விட்ட உடன்பிறந்தாராக இருக்கலாம். கையிலே ஒரு பிடி மண்ணைப் போட்டதோடு பிள்ளையின் கடமை தீர்ந்துவிடாது. பெற்றோருடைய வீட்டையும் நிலத்தையும் சுதந்தரித்துக்கொள்கிறவன், அவர்கள் சரிக்கட்டாமல் விட்ட நியாயத்தையும் சுதந்தரித்துக்கொள்கிறான். எல்லைக் கல்லை அதன் இடத்தில் திருப்பி வைக்கும் மகன், தகப்பனுக்காகச் செய்யும் பரிகாரம் எந்தப் புகழ்ச்சியிலும் மேலானது.

மூன்றாவது, மரித்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுங்கள். தினமும் நித்திய இளைப்பாற்றி செபத்தைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டாரின் பெயரைச் சொல்லும்போது, யாரும் செபிக்க இல்லாத ஆத்துமாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில், பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போகாமல் நம் மண்ணிலேயே அடங்கிய டிலனாயையும், அவர் மனைவி மார்கரிதாவையும், களக்காட்டில் மாண்ட அவர்களுடைய மகனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எதிராய் நின்று, கல்லில் பெயர் எழுதப்படாமல் மாண்ட காயங்குளத்துச் சேவகர்களையும் மறவாதிருங்கள். அர்ச்சியசிஷ்ட தேவசகாயம் தமக்கு ஆறுதல் சொன்னவருக்காகவும் நம் எல்லாருக்காகவும் ஆண்டவரிடம் மன்றாடுவாராக.

உங்கள் பங்குக்குருவானவர்.